சூடு இறங்கும் வரை

டிக் என்றது. இந்த அறையில் டிக் என்று சொல்லக்கூடிய சாமான்கள் நிறைய இருக்கின்றன. டியூப் லைட்டின் சோக் சொல்லும், பல்லி சொல்லும், வெயிலில் காய்ந்த தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நெளிந்து சொல்லும். ஆனால் என் காது அவை எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு நேராக மூலை மேசையில் இருக்கும் தெர்மாகோல் பெட்டிக்குத்தான் போனது. பெட்டிக்குள் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் என் படிகம். மாசக்கணக்கில் அது ஊறி வளர்ந்த கரைசலைக் காலையில் டியூப் போட்டு உறிஞ்சி வெளியே எடுத்தாகிவிட்டது. ஹீட்டரை அணைத்தாகிவிட்டது. கரைசலோடு ஆறவிட்டால் ஜாடி முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்துவிடும், அதனால்தான் வடித்தோம். இனிமேல் சுற்றியுள்ள தண்ணீர் தானாக ஆற வேண்டும், அதோடு சேர்ந்து படிகமும் ஆற வேண்டும், இரண்டும் இந்த அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் தொடலாம். அதற்கு முன்னால் திறந்தால் வெளிக்காற்று பட்டு மேல்பக்கம் முந்திச் சுருங்கும், உள்பக்கம் சூட்டோடு அப்படியே நிற்கும், இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விரிசல் விட்டுவிடும். விரியும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதால் இப்போது கேட்டது அதுதானா என்று சொல்லவும் முடியவில்லை. கேட்டேனா, கேட்ட மாதிரி இருந்ததா. மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை வந்தால் எந்தப் பக்கமிருந்து என்று பிடித்துவிடலாம். வரவில்லை. வேண்டாத நேரத்தில் வருகிற சத்தம் எல்லாமே இப்படித்தான், ஒரே ஒரு தடவை வந்து சந்தேகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

இன்னைக்கு உன் வேலை திறக்காம இருக்கிறதுதாம்மா என்று எஸ்தர் மேடம் காலையில் சொல்லிவிட்டுப் போனார். அவர்தான் என் கைடு. சாயங்காலம் வகுப்பெல்லாம் முடித்துவிட்டுத் தானே வந்து கூட நின்று திறப்பதாகச் சொன்னார். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு ஆளை உட்காரவைப்பது பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் நடக்கும். வீட்டில் என்றால் அந்த நேரத்துக்கு ஒரு கூடை துணி துவைத்துக் காயப்போட்டு, பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, மாவும் ஆட்டி வைத்திருப்பேன். பெட்டி அது பாட்டுக்கு ஆறிவிட்டுப் போகிறது, நானும் என் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. யாராவது தெரியாமல் உள்ளே வந்து மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த யாராவது நானாகத்தான் இருக்கும் என்று மேடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் வேலை என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தெர்மாமீட்டரின் தலை மட்டும் பெட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே. சுவரில் தொங்கும் இன்னொரு தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டுகிறது. இது இறங்கி அதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். நான் இங்கே எழுந்து நடந்தாலும் படுத்து உருண்டாலும் அது இறங்குகிற வேகத்தில்தான் இறங்கும்.

இது உடைந்தால் என் எம்.ஃபில். உடைந்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எம்.ஃபில்லையே எடுத்துவிட்டார்கள், நாங்கள்தான் கடைசி பேட்ச், எங்களுக்குப் பின்னால் யாரும் கிடையாது. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆய்வேட்டைப் புத்தகமாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வும் முடித்துப் போய்விட்டார்கள். எனக்கு நடுவில் பாப்பா வந்தாள். அதற்காகக் கொடுத்த கூடுதல் காலம் அடுத்த மாசக் கடைசியோடு முடிகிறது, அதற்குமேல் கேட்கிற வழக்கமே இல்லை. வருகிற திங்கட்கிழமை வெளியூர் லேசர் கூடத்தில் எனக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தப் படிகத்திலிருந்து ஒரு வில்லை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதன் வழியாக லேசரைச் செலுத்தி அது எவ்வளவு வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஒரு அத்தியாயம்தான் பாக்கி. மற்ற அத்தியாயம் எல்லாம் பாப்பா தூங்குகிற நேரத்தில் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன், ஓர் இடத்தில் அவள் கையால் தட்டிய எழுத்துகள் ஒரு வரி முழுக்க இருந்தன, மேடம் அதைப் பென்சிலால் சுழித்து ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். படிகம் உடைந்துவிட்டால் மறுபடி விதைப் படிகம் என்று ஒரு குட்டித் துண்டு பிடித்து, கரைசல் காய்ச்சி, வடிகட்டி, முதலிலிருந்து வளர்க்க இரண்டு மாசத்துக்குக் குறையாது. இரண்டு மாசம் என்னிடம் இல்லை. இல்லை என்றால் இல்லைதான். அதற்காக அழுகை ஒன்றும் வரவில்லை. ஊசி போட வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவரின் சட்டைக் காலரில் உள்ள அழுக்கு துல்லியமாகத் தெரியுமே, அந்த மாதிரி இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் ஒட்டிய டேப் ஒரு முனையில் உரிந்து சுருண்டிருக்கிறது. அதை ஒட்டிவிடலாமா. வேண்டாம். அதைத் தொடப் போனால் பெட்டியைத் தொடுவேன், பெட்டியைத் தொட்டால் மூடியை.

அப்பாவுக்கு இது உரம். எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் வாழை. அப்பா சொட்டுநீர்க் குழாயில் கரைத்து விடுகிற வெள்ளைப் பொடியை உரக்கடையில் பன்னெண்டு அறுபத்தொண்ணு என்றுதான் கேட்டு வாங்குவார். என் படிகமும் அதே அம்மோனியம் பாஸ்பேட்தான், ரொம்பச் சுத்தமாக்கினது, அதில் எங்கள் கணக்குக்குத் துளி வேறொன்றும் சேர்த்தது. எம்.ஃபில். சேர்ந்த புதிதில் இதைப் பெருமையாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் வாழைத்தாரைத் தோளிலிருந்து இறக்கிக்கூட வைக்காமல் அப்படியே நின்று கேட்டார். தண்ணில கரைச்சு வாழைக்கு விட்டா தார் வரும் தாயி, நீ கரைச்சு என்ன எடுக்கப் போற என்றார். மறுபடி அதையே கட்டியாக எடுப்பேன் என்றேன். தாரைத் தோள் மாற்றிக்கொண்டு, உரத்தைக் கரைச்சு உரமாவே எடுக்கிறதுக்கா யுனிவர்சிட்டிக்குப் போற, உரக்கடைக்காரன் மூட்டையை மழையில நனையவிட்டா இதே படிப்புத்தானே என்றார். வரப்பில் நின்ற பக்கத்துத் தோட்டத்து ஆள்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் அவர் சொன்னது தப்பில்லை, நனைந்த மூட்டை காயும்போது உள்ளே கட்டிகட்டியாக நிற்பதும் இதுவும் ஒரே சமாசாரம்தான், வித்தியாசம் எல்லாம் அவசரத்தில்தான் இருக்கிறது. வேகமாகக் காய்ந்தால் கட்டி, மெதுவாகப் படிந்தால் கண்ணாடி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருமே படிகம் என்று சொல்வதில்லை. உரம் எப்படி இருக்கு, உரம் எவ்வளவு வளர்ந்திருக்கு. இப்போது ஒரு சின்ன சோப்புக்கட்டி அளவு வந்திருக்கிறது. நேற்றுக்கூடக் கரைசலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், இருக்கிற இடமே தெரியவில்லை, ஓரங்கள் மட்டும் கோடு கிழித்த மாதிரி மின்னின. அவ்வளவு தெளிவாக ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அழுக்காக ஏதாவது ஓரிடத்தில் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வராந்தாவில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. இங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் வளர்த்ததில் பெரிசாக வந்ததை எல்லாம் அதில் வெல்வெட் துணி விரித்து வைத்து, பக்கத்தில் பெயர் எழுதியிருப்பார்கள். கீழ்த்தட்டில் மட்டும் ஒரு கிண்ணத்தில் உடைந்த துண்டுகள் கிடக்கும். சகாயம் அண்ணனுடையது. எனக்கு முந்தி இங்கே படித்தவர், இப்போது எங்கோ பள்ளிக்கூடத்தில் வேலையாக இருக்கிறார். ஆறியும் ஆறாமலும் அவசரமாக மூடியைத் திறந்து, சந்தோஷத்தில் வெறும் கையால் தூக்கிவிட்டாராம். உள்ளங்கைச் சூடுதான். கையில் பிடித்தபடியே மேடத்திடம் காட்டுவதற்கு நடந்திருக்கிறார், பாதி வழியில் டிக் என்று கேட்டிருக்கிறது, கையைப் பார்த்தால் ரெண்டு, கதவைத் தாண்டுவதற்குள் நாலு. மேடம் அவரைத் திட்டவில்லையாம். ஒரு கிண்ணம் எடுத்துவந்து நீட்டினாராம், அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்களை எல்லாம் அந்த அலமாரிக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய், மேல்தட்டைக் காட்டாமல் கிண்ணத்தை மட்டும் காட்டுவார். நான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோது என்ன நினைத்தேன் என்றால், இந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும், பாதி வழி வரைக்கும்.

சரி, திறந்து பார்த்தால்தான் என்ன. லேசாக, ஒரு விரல் அகலத்துக்கு. உடைந்திருந்தால் தெரிந்துவிடும். ஆனால் உடைந்திருந்தால், சத்தத்தில் உடைந்ததா, நான் திறந்ததில் உடைந்ததா என்று எப்படித் தெரியும். தெரியாது. உடையாமல் இருந்தால், திறந்ததால் இனிமேல் உடையும். ஆக இரண்டு வழியிலும் திறப்பதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. உடைந்தது சாயங்காலமும் உடைந்தேதான் இருக்கப் போகிறது, ஒட்டிக்கொண்டுவிடப் போவதில்லை. இவ்வளவு தெளிவாக யோசித்து முடித்த பிறகும் கை மட்டும் கேட்கவில்லை, மடியில் கிடந்தது எழுந்து மேசை விளிம்புக்குப் போய்விட்டது. பாப்பா பிறந்த புதிதில் இப்படித்தான். தொட்டிலில் சத்தமே இல்லாமல் தூங்குவாள், எனக்கு உடனே மூச்சு இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். குனிந்து பார்த்தால் தெரியாது, மூக்குக்கிட்ட விரல் வைத்தால் ஃபேன் காற்றா மூச்சுக்காற்றா என்று தெரியாது, கடைசியில் கன்னத்தை லேசாக ஒரு தட்டு. வீறிட்டு அழுவாள். அழுகிறாள், அப்பாடா, இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதி, வீட்டில் மற்ற எல்லோருக்கும் தலைவலி. அத்தை, என் மாமியார், ஒரு நாள் அடுப்படியிலிருந்து வந்து இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு சொன்னார். தூங்குற பிள்ளைய எழுப்பி எழுப்பி உயிரு இருக்கான்னு பாக்குறியே, அது பெரிசாகி உன்னைய என்ன கேக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியல தாயே. கையை இழுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். வேர்த்திருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு பெருமாயி அக்கா வந்தார், கையில் விளக்குமாறு. துறை முழுக்கக் கூட்டிப் பெருக்குவது அவர்தான். உள்ளே வந்ததும் வழக்கம்போல ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டார். நான் நாற்காலி சாய எழுந்து ஓடி அணைத்தேன். இறக்கை ஒரு சுற்றுக்கூட முழுசாகச் சுற்றியிருக்காது. அப்படியும் ஒரு காற்று வந்தது, பெட்டி மேல் போர்த்தியிருந்த துண்டின் ஓரம் அசைந்தது, அல்லது நான் ஓடிய வேகத்தில் அசைந்தது. அக்கா என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ள என்ன, பிள்ளையவா படுக்கப் போட்ருக்க என்றார். இல்லக்கா, ஆறிக்கிட்டு இருக்கு, காத்துப் படக் கூடாது என்றேன். எங்க வீட்லயெல்லாம் காத்துப் பட்டாத்தான் ஆறும் என்று சொல்லிவிட்டு, மேசைக்கு அடியில் கூட்டாமல் விட்டு, கதவுப் பக்கம் மட்டும் ரெண்டு இழுப்பு இழுத்தார். சத்தம் ஏதாவது கேட்டதா அக்கா, டிக்குன்னு, என்று கேட்டேன். வராந்தாவுல நின்னவளுக்கு என்ன கேக்கும், உனக்குத்தான் வேர்த்து ஊத்துது, மொதல்ல தண்ணியக் குடி என்றார். குடித்தேன். தண்ணீர் தொண்டையில் இறங்குவது எனக்கே கேட்டது. அவர் போன பிறகு அறை முன்னைவிட அமைதியாக இருந்தது, காது வலிக்கிற அமைதி. முப்பத்திநாலரை.

போன் அதிர்ந்தது. மேசை மேல் வைத்திருந்தேன், மேசை முழுக்க அதிர்ந்தது, பெட்டியும் அதே மேசை. என் புத்திக்கு ஒரு குட்டு வைக்கலாம். எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அத்தைதான். நேற்று பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டது. காய்ச்சல் வரும், பயப்படாதீங்க என்று நர்ஸ் சொல்லி மருந்தும் கொடுத்தே அனுப்பியிருந்தார். மேலு லேசாச் சுடுது, மருந்து ஊத்திட்டேன், கஞ்சி குடிச்சா, இப்பத் தூங்குறா என்று ஒரே மூச்சில் சொன்னார். எவ்வளவு சுடுது, தெர்மாமீட்டர் வச்சீங்களா என்று கேட்டேன். கை வச்சேன் என்றார். புறங்கையை நெற்றியில் வைப்பார், பிறகு வயிற்றில் வைப்பார், இரண்டையும் மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்து ஒரு முடிவு சொல்வார், அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நான் வந்துறவா அத்தை என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. நீ வந்து என்னத்தக் கிழிக்கப் போற, தூங்குறவளத் தட்டி எழுப்புவ, அம்புட்டுத்தானே, பேசாம உன் உரத்தப் பாத்துட்டு வா என்றார். வைத்துவிட்டார். எனக்கு மார்பு கனத்தது, பால் கட்டிக்கொண்டு வலிக்கிற நேரம்தான் இது, அவள் பெயரைக் கேட்டாலே சுரந்துவிடும். துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றேன். வீட்டில் ஒரு சூடு இறங்க வேண்டும், இங்கே ஒரு சூடு இறங்க வேண்டும், இரண்டையும் நான் இறக்க முடியாது. அங்கே அத்தை தூங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார், இங்கே நான். அவருக்கு யாரும் இதற்குப் பட்டம் தருவதாகச் சொல்லவில்லை. இதை யோசித்து உருகுகிற அளவுக்கு எனக்கு அப்போது மனசு இல்லை, யோசனை வந்தது, கிண்ணத்துத் துண்டுகளைப் பார்த்தேன், போய்விட்டது.

காசிமாயன் மாமாவைக் கூப்பிடலாமா. என் வீட்டுக்காரர், அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு மாமாதான். பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. இந்நேரம் மத்தியானப் பால் வண்டி வரும், போன் எடுக்கமாட்டார். எடுத்தாலும் என்ன சொல்வது, டிக் என்று கேட்டது என்றா. என் வேலையும் அவர் வேலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்று அவருக்கு ஒரே வேடிக்கை. நாங்க கறந்த சூட்டை எம்புட்டு வேகமா இறக்குறமோ அம்புட்டுக்குப் பால் பிழைக்கும், நீ எம்புட்டு மெதுவா இறக்குறியோ அம்புட்டுக்கு உன்னுது பிழைக்கும், ரெண்டு பேரும் ஒரு வீட்ல இருந்தா ரசம் என்னத்துக்கு ஆகும் என்பார். ஒரு தடவைதான் வேடிக்கை இல்லாமல் கேட்டார். இத முடிச்சு என்ன செய்யப் போற சுருளி. குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேலை கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம், அது நிச்சயமில்லை. நான் பச்சை வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன். கண்ணுக்கே தெரியாத ஒரு லேசர் உண்டு மாமா, அதை இந்தப் படிகத்தோட ஒரு பக்கம் விட்டா அந்தப் பக்கம் பச்சையா வெளிய வரும், வாழை இலைக் குருத்துப் பச்சை, நடுவுல எதுவும் எரியாது, எதுவும் நகராது, உள்ள போகும்போது இல்லாத நிறம் வெளிய வரும்போது இருக்கும். அத நீ பாத்திருக்கியா என்றார். வேற ஆளோட படிகத்துல பாத்திருக்கேன் என்றேன். ஓகோ, உன்னுதுல பாக்கணும் என்றார். ஆமா. அவ்வளவுதான் பேச்சு. மறுநாளிலிருந்து பாப்பாவை அவர் குளிப்பாட்டத் தொடங்கினார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு ஒரே ஒரு முப்பட்டகம் இருந்தது. ஒரு மூலை சில்லு பெயர்ந்தது. முப்பது பேரும் அதைத்தான் வரிசையில் நின்று வாங்கிப் பார்ப்போம். பெயர்ந்த மூலையைக் கைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெயிலில் காட்டினால் சுவரில் நிறம் விழும். என் முறை வந்தபோது மேகம் வந்துவிட்டது. மேகம் விலகுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறவர் வந்து கத்துகிற வரைக்கும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கையில் முப்பட்டகம்கூட இல்லை, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. வெயில் வருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். வந்தது. வந்து என்ன, சும்மா வெள்ளையாக வந்து சுவரில் விழுந்தது. இப்போது எதற்கு இதெல்லாம் வருகிறது என்று தெரியவில்லை. முப்பத்திமூன்று. சுவரில் முப்பத்தொன்றுக்கும் கொஞ்சம் கீழே, சாயங்காலம் ஆகிறது இல்லையா, அறையும் ஆறுகிறது. துரத்துகிறவன் வர வர ஓடுகிறவனும் நகர்கிற மாதிரி. அந்த டிக் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று நான் இப்போது ஒருவாறு முடிவுகட்டிவிட்டேன். குழாய்தான். உச்சி வெயில் நேரம் அது. ஆனால் குழாய்ச் சத்தம் தடிப்பாக இருக்கும், டொக் என்று. இது மெல்லிசு. காய்ந்த உளுந்தை நகத்தால் உடைத்த மாதிரி. அப்படியென்றால் பல்லி. பல்லி ஒன்றோடு நிறுத்தாது. அப்படியென்றால் சோக். சோக் காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே. அப்படியென்றால். கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை அதைத் தடுக்கவில்லை. எழுந்து நின்றேன், துண்டை மடித்து விலக்கினேன், தெர்மாகோல் மூடியின் இரண்டு பக்கமும் கை வைத்தேன். மூடி லேசானது, ஒரு மூச்சு விட்டால் பறந்துவிடும். அதற்குள்ளிருந்து ஓர் இளஞ்சூடு கைக்கு ஏறியது. நெற்றி மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. உடைந்திருந்தால் உடைந்திருக்கட்டும், உடைத்தவள் நான் இல்லை என்பதாவது எனக்கு வேண்டும் என்று தோன்றியது. இது தைரியமா கோழைத்தனமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கையை எடுத்தேன். துண்டை மறுபடி போர்த்தினேன், ஓரத்தைச் செருகினேன், பாப்பாவுக்குச் செருகுகிற மாதிரியே செருகினேன், அதற்கு மட்டும் சிரிப்பு வந்தது.

எஸ்தர் மேடம் வரும்போது கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார், அப்படியே வீட்டுக்குப் போகிற மாதிரி. இரண்டு தெர்மாமீட்டரையும் பார்த்தார். ஒன்றாக இருந்தன. திற என்றார். பருத்திக் கையுறையைப் போட்டுக்கொண்டு துண்டை எடுத்தேன், தெர்மாகோலை எடுத்தேன், ஜாடியின் மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்து எடுத்தேன். முதலில் என் கண்ணுக்குப் படிகமே தெரியவில்லை, அடித்தட்டு மட்டும் தெரிந்தது. பிறகு ஓரங்கள் தெரிந்தன. பிறகு ஒரு மூலை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது தெரிந்தது. அடியில், விதைப் படிகத்தை ஒட்டிவைத்த இடத்தில், கத்தி வைத்து நறுக்கியதுபோலப் பிரிந்து, ஒரு துண்டு தனியாகச் சாய்ந்து கிடந்தது. மேடம் பையைக் கீழே வைத்துவிட்டு, பெரிய பாகத்தை இடுக்கியால் எடுத்துப் பஞ்சு மேல் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தார். திருப்பினார். மறுபடி அடித்தார். வெளிச்சம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது, நடுவில் எங்கும் நிற்கவில்லை. விதையை ஒட்டி எப்பவும் ஒரு இறுக்கம் இருக்கும், அங்கதான் விரிசல் விட்ருக்கு, மேல போகல என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பக்கத்தை எப்படியும் நாளைக்கு ஈர நூலால கரைச்சு அறுத்துத் தள்ளத்தான் போறோம். பாதி வேலையை அதுவே பாத்துருச்சு."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வில்லை வரும். திங்கட்கிழமை உண்டு. எவ்வளவு நேரம் அறுக்கிற ஞாபகமே இல்லாமல் முழுசு முழுசு என்று உட்கார்ந்திருக்கிறேன். அலமாரியின் மேல்தட்டுக்குத்தான் இது இனிமேல் போகாது, வெல்வெட்டுக்கும் போகாது, போனால் போகிறது. மேடம் பையை மாட்டிக்கொண்டு கதவுவரை போனவர் திரும்பினார்.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம். மத்தியானம்."

"திறந்து பாக்கலையா?"

"இல்ல மேடம்."

அவர் தலையை ஆட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பெட்டியைப் பார்த்தார். திறந்திருந்தா மிச்சமும் போயிருக்கும் என்று அதனிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கித் தேய்ந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். மேலு வேர்த்து விட்டிருச்சு, எந்திரிச்சுட்டா, உன் துப்பட்டாவ வாயில வச்சு மென்னுக்கிட்டு இருக்கா என்றார் அத்தை. உரம் என்ன ஆச்சு என்றார். ஒரு மூலை மட்டும் போச்சு அத்தை என்றேன். மூலைதானே என்றார். பின்னால் பாப்பா எதையோ தட்டுகிற சத்தம், தட்டு கிண்ணமாக இருக்கும். பெரிய பாகத்தைப் பஞ்சு சுற்றி டப்பாவில் வைத்து மூடினேன். உடைந்த துண்டு மட்டும் தட்டில் கிடந்தது. கட்டைவிரல் நகம் அளவு, ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் முறிவு, உள்ளே எதுவுமே இல்லாத மாதிரித் தெளிவு. இனி அதற்கு வேலை இல்லை. கையுறையைக் கழற்றினேன். வெறும் உள்ளங்கையில் அதை எடுத்து வைத்து, விரல்களை மடக்கி மூடிக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நின்றேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு, காய்ந்த உளுந்தை நகத்தால் உடைத்த மாதிரி, டிக். ஆமாம், இதே சத்தம்தான்.